மாரிக்காலத்திற்கு ஏற்ற சக்கரம்: எஃகோ, அலாயோ?

ஐப்பசி பிறந்து வடகிழக்குப் பருவக்காற்றுத் தலைகாட்டிவிட்டால், ஆழ்வார்குறிச்சியில் எம் வீட்டுத் திண்ணைப் பேச்சு மழையையும் சாலையையும் விட்டு அகலாது. கடனாநதி அணையில் எத்தனை அடி நீர், சிவசைலத்து வழியில் எங்கே மண் அரித்தது, அம்பாசமுத்திரம் செல்லும் சாலையில் எந்தப் பள்ளம் இவ்வாண்டு புதிது என்பனவே அங்கு நாள்தோறும் நிகழும் ஆராய்ச்சி. சென்ற ஐப்பசியில் ஒரு மாலை, வாடகைக்குக் கார் ஓட்டிக் குடும்பம் நடத்தும் எம் அண்டைவீட்டு இளைஞர் அத்திண்ணையில் வந்து அமர்ந்தார். புதுவண்டி வாங்க முன்பணம் கட்டும் நிலையில் இருந்தார் அவர். “அண்ணாச்சி, இரும்புச் சக்கரம் போட்ட வண்டிக்கு ஒரு வில சொல்லுதாவ, அலாய் வீல் போட்டதுக்கு அதுக்கு மேல ஒரு வில சொல்லுதாவ. நான் மழக்காலத்துல ராத்திரி ஓட்டுதவன். எதை வாங்கட்டும்? நீங்க படிச்சவுக, பாத்துச் சொல்லுங்க” என்றார்.

யாம் உடனே விடை பகரவில்லை. மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு மார்கழி இரவில் நேர்ந்தது நெஞ்சில் வந்து நின்றது. எம் தமக்கையார்க்கு மார்வலி கண்டமையால், ஒரு காரில் அவரைப் பாளையங்கோட்டைக்கு அழைத்துச் சென்றோம். அம்பாசமுத்திரத்தையும் கல்லிடைக்குறிச்சியையும் கடந்து வீரவநல்லூரை அணுகும் வேளையில், தேங்கிய மழைநீர் சாலையிலிருந்த பள்ளம் ஒன்றைக் கண்ணாடி விரித்தாற்போல் மூடியிருந்தது. ஓட்டுநர் அதனைக் கண்டிலர். ஒரு பேரொலி, வண்டி இடப்புறம் சாய்ந்தது. இறங்கிப் பார்த்தால், அலாய்ச் சக்கரத்தின் விளிம்பில் ஒரு விரல் நீளத் துண்டு பெயர்ந்து போயிருந்தது. டயரில் ஒரு மூச்சுக் காற்றும் இல்லை. ஸ்டெப்னியை எடுத்து, ஜாக்கி வைத்து, நட்டுகள் அனைத்தையும் கழற்றிய பின்னரும் பழைய சக்கரம் அச்சுமுனையை விட்டு அகல மறுத்தது. கொட்டும் மழையில் ஓட்டுநரும் யாமும் மாறிமாறிக் காலால் உதைத்தோம். அது கழன்று வர நாற்பது நிமிடம் ஆயிற்று. தமக்கையார் பிழைத்தார், இன்றும் பொங்கலுக்குத் தவறாமல் எம் வீட்டிற்கு வருகிறார். ஆயினும் அந்த நாற்பது நிமிடத்தை யாம் மறந்தோமல்லோம். சக்கரத்தின் உலோகத்தைப் பற்றி யாம் தேடிப் படிக்கத் தொடங்கியது அதன் பின்னரே. அவ்வாறு அறிந்தவற்றை, இப்போது வண்டி வாங்கும் பருவத்தில் இருக்கும் பழைய மாணவர்க்கும், இனி வாங்கப்போகும் இளையோர்க்கும் ஈண்டு உரைக்கின்றோம்.

சக்கரத்திற்கு எப்பொருள் ஏற்றது என்னும் வினா நம் பக்கத்துக்குப் புதிதன்று. மாட்டுவண்டிச் சக்கரத்தைச் செய்த தச்சர், குடத்திற்கு ஒரு மரம், ஆரக்காலுக்கு ஒரு மரம், வட்டைக்கு ஒரு மரம் என்று தேர்ந்தே எடுத்தனர். பின்னர்க் கொல்லர் இரும்புப் பட்டையை வரட்டித் தீயில் பழுக்கக் காய்ச்சி, அது விரிந்திருக்கும்போதே மரவட்டையின்மேல் மாட்டி நீரைக் கொட்டுவர். பட்டை சுருங்கி, ஆரங்களையும் குடத்தையும் ஒருங்கே இறுக்கிக்கொள்ளும். மரம் அதிர்ச்சியைத் தாங்கியது. இரும்பு தேய்மானத்தைத் தாங்கியது. ஒரே பொருள் இரண்டையும் செய்யாது என்பதை அவர்கள் அறிந்திருந்தனர். மோட்டார்ச் சக்கரத்திலும் இப்பங்கீடு உண்டு. அதிர்ச்சியைத் தாங்குவது காற்றடைத்த டயர். வண்டியின் பாரத்தைத் தாங்குவது உலோகச் சக்கரம். இவ்வொன்றை மனத்தில் இருத்திக்கொண்டால் பின்வருவன எளிதில் விளங்கும்.

நம்மவர் ‘இரும்புச் சக்கரம்’ என்று வழங்குவது உண்மையில் எஃகுத் தகட்டால் ஆயது. நீண்ட தகட்டை வளையமாக வளைத்து, முனைகளைப் பற்றவைத்து, உருளைகளுக்கு இடையே செலுத்தி டயர் அமரும் விளிம்பை உருவாக்குவர். வேறொரு தகட்டை அச்சில் அழுத்தி நடுத்தட்டாக்கி, இரண்டையும் சேர்த்துப் பற்றவைப்பர். சென்னையை அடுத்த பாடியில் ‘வீல்ஸ் இந்தியா’ ஆலை 1960களில் இத்தொழிலைத் தொடங்கியது. அலாய் வீல் என்பது பெரும்பாலும் அலுமினியத்தோடு நூற்றுக்கு ஏழு பங்களவு சிலிக்கனும், மிகச் சிறிதளவு மக்னீசியமும் கலந்த வார்ப்பு. உருகிய கலவையைக் காற்றழுத்தத்தால் அச்சினுள் மேனோக்கி ஏற்றி உறையவைத்து, மீண்டும் காய்ச்சி, நீரில் தோய்த்து, மிதமான சூட்டில் வைத்துப் பதப்படுத்துவர். இப்பதமே அதன் வலிமைக்கு உயிர்நிலை. பந்தய வண்டிகளில் இது புகழ்பெற்றது 1924இல். அவ்வாண்டு பிரான்சு நாட்டு லியோன் நகரப் பந்தயத்தில் புகாட்டியின் 35ஆம் வகை வண்டி அலுமினிய வார்ப்புச் சக்கரங்களோடு ஓடிற்று. இன்று அதே உலோகம் ஆலங்குளத்துச் சந்தைக்குத் தக்காளி ஏற்றிச் செல்லும் வண்டியிலும் பளபளக்கிறது.

குளிர் நாட்டார் இவ்வினாவுக்கு எவ்வாறு விடை காண்கின்றனர் என்று அறிய விரும்பி, கனடா நாட்டில் வாழும் நம் பழைய மாணவர் ஒருவருக்கு எழுதிக் கேட்டோம். அவர் வீட்டில் ஒரே காருக்கு இரண்டு தொகுதிச் சக்கரங்கள் உள்ளனவாம். கோடையில் அலாய், பனி விழத் தொடங்கியதும் அதனைக் கழற்றிக் கிடங்கில் வைத்துவிட்டு, குளிர்க்கால டயர் மாட்டிய எஃகுச் சக்கரம். வெப்பம் 7 பாகைக்குக் கீழே இறங்கினால் சாதாரண டயரின் ரப்பர் விறைத்துப் பிடிப்பை இழக்கும். குளிர்க்கால டயரின் ரப்பரோ மென்மை மாறாது. கியூபெக் மாகாணத்தில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை இத்தகைய டயர் சட்டத்தினாலேயே கட்டாயம். ஆண்டுக்கு இருமுறை ஒரே சக்கரத்தில் டயரைக் கழற்றி மாட்டுவதினும், இரண்டாம் தொகுதியாக மலிவான எஃகுச் சக்கரங்களை வாங்கிவிடுவது அவர்களுக்கு எளிது. அன்றியும், பனிக்கட்டியை உருக்கச் சாலையில் அவர்கள் உப்பைத் தூவுகின்றனர். அவ்வுப்பு நீர் அலாய்ச் சக்கரத்தின் மெருகுப் பூச்சைக் கீறலின் வழியே அரித்துக் கொப்புளிக்கச் செய்யும். எஃகுச் சக்கரமும் துருப்பிடிக்கும். ஆனால் அதன் துருவைக் கண்டு எவரும் கண்ணீர் விடுவதில்லை என்று அந்நண்பர் எழுதியிருந்தார். தூத்துக்குடியில் பாத்தி கட்டி விளைவிக்கும் உப்பை அங்கே வீதியில் வாரி இறைக்கின்றார்களே என்று எம் தமக்கையார் வியந்தார்.

இக்காரணங்களுள் பல நமக்குப் பொருந்தா. பொருநைக் கரையில் மார்கழி விடியலிலும் குளிர் 20 பாகைக்குக் கீழே இறங்குதல் அரிது. நமக்குப் பனியும் இல்லை, உப்பு இறைத்த சாலையும் இல்லை. நம் கூதிர்க்காலம் மழைக்காலமே. அதன் கேடு குளிர் அன்று, நீரால் மறைந்த பள்ளம். 2023ஆம் ஆண்டு டிசம்பர் 17, 18 நாள்களில் பெய்த மழையை நம்மவர் மறந்திரார். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் பெய்தது. திருநெல்வேலிச் சந்திப்புப் பகுதி நீரில் மூழ்கியது. ஸ்ரீவைகுண்டத்தில் இருப்புப்பாதை அரிக்கப்பட்டு, திருச்செந்தூரிலிருந்து புறப்பட்ட ரயில் நூற்றுக்கணக்கான பயணிகளோடு அங்கேயே நின்றது. அத்தகைய வெள்ளத்தில் எந்தச் சக்கரமும் துணை செய்யாது. ஓடும் நீர் முழங்காலளவு வந்தாலே சிறிய கார் மிதக்கத் தொடங்கும், அப்போது வீட்டில் இருப்பதே அறிவு. சக்கரத்தைப் பற்றிய வினா எழுவது வெள்ளம் வடிந்த பின்னர். தார் பெயர்ந்து, சரளை ஓடி, குழியெல்லாம் செம்புலநீர் நிறைந்து கிடக்கும் அந்த இரண்டு மூன்று வாரங்களே நம் சாலையில் சக்கரத்தைச் சோதிக்கும் காலம்.

அச்சோதனையில் இரு உலோகங்களும் நடந்துகொள்ளும் முறை வேறு. பித்தளைச் செம்பு கைதவறிக் கிணற்றடிக் கல்லில் விழுந்தால் ஒடுங்கும். மண்பானை விழுந்தால் உடையும். எஃகு செம்பின் இனம். ஒடியுமுன் அது நூற்றுக்கு 25 பங்குக்கு மேல் நீளவல்லது. வார்ப்பு அலாய் அவ்வாறு நூற்றுக்கு 10 பங்கை எட்டுவதே அரிது. மண்பானை என்று அதனை முற்றும் பழித்தல் நேர்மையன்று. ஓரளவு வளையும், சிறு அடியைத் தாங்கும். எனினும் எல்லை கடந்த அடி விழும்போது எஃகு விளிம்பு மடங்குகிறது, அலாய் விளிம்பு விரிசல் காண்கிறது. மடங்கிய விளிம்பின் வழியே காற்றுச் சிறிது சிறிதாகக் கசியலாம். அதனோடு அடுத்த ஊர்வரை மெல்லச் சென்றுவிடலாம். விரிசல் கண்டு துண்டு பெயர்ந்தால் வண்டி நின்ற இடமே இடம்.

மறுநாட் காலையிலும் இவ்வேறுபாடு தொடரும். மடங்கிய எஃகு விளிம்பைக் கடையத்திலோ அம்பாசமுத்திரத்திலோ உள்ள பட்டறையில் சம்மட்டியால் தட்டி நிமிர்த்திவிடுவர். விரிந்த அலாயைப் பற்றவைத்துத் தருவோரும் உளர். ஆனால் பற்றவைக்கும் சூடு, ஆலையில் ஏற்றிய பதத்தை அவ்விடத்தில் அழித்துவிடும். ஒட்டு புறத்தே அழகாகத் தோன்றினும் அருகிலுள்ள உலோகம் மெலிந்து போயிருக்கும். அத்தகைய சக்கரத்தை முன்புறத்தில் மாட்டி ஓட்டுவதை யாம் எவர்க்கும் பரிந்துரையோம். எஃகிலும் நட்டுத் துளையை ஒட்டி விரிசல் கண்டால், தட்டி நிமிர்த்த முயலாது தள்ளிவிடுவதே முறை.

ஆயினும் உலோகத்தை மட்டும் குறைகூறி நிறுத்தினால் பாதி உண்மையையே சொன்னவர் ஆவோம். வீரவநல்லூரில் உடைந்த சக்கரத்தின் உண்மையான பகை, அதன்மேல் இருந்த டயரின் ஒல்லியான பக்கச்சுவரே என்று பின்னர் அறிந்தோம். டயரின் பக்கத்தில் 165/80 ஆர் 14 என்பது போன்ற எழுத்துகள் உள. முதலெண் டயரின் அகலம், மில்லிமீட்டரில்; இரண்டாவது, பக்கச்சுவரின் உயரம் அவ்வகலத்தில் நூற்றுக்கு எத்தனை பங்கு என்பது; கடைசி எண் சக்கரத்தின் விட்டம், அங்குலத்தில். இவ்வளவில் பக்கச்சுவர் 132 மில்லிமீட்டர் ஆகிறது. 185/65 ஆர் 15 எனின் 120. 195/55 ஆர் 16 எனின் 107. இம்மூன்றையும் தரையில் நிறுத்தி மொத்த உயரத்தை அளந்தால் ஏறத்தாழ 620 மில்லிமீட்டரே. ஆகவே உலோகச் சக்கரம் பெரிதாகப் பெரிதாக, பள்ளத்தின் அடியை ஏற்கும் காற்றுமெத்தை சிறுத்துக்கொண்டே போகிறது. பெரிய விட்டம் அலாய்ச் சக்கரத்திற்கே அழகு தருவதால், கடைக்காரர் அதனோடு குட்டைச்சுவர் டயரையே காட்டுவர். பழி அலாயின்மேல் விழுகிறது; குற்றத்தில் பாதி அளவினுடையது. 14 அங்குல அலாய் வாங்கி உயர்ந்த சுவருள்ள டயரை மாட்டுபவர், 16 அங்குல எஃகு வாங்குபவரைக் காட்டிலும் நம் சாலையில் நிம்மதியாக இருப்பார் என்று துணிந்து கூறலாம்.

அலாயின் நன்மைகளையும் மறைத்தல் தகாது. வார்ப்பு நுட்பத்தால் அது வட்டம் பிசகாது வரும். விரைந்து செல்கையில் நடுக்கம் குறையும். அலுமினியக் கலவை எஃகினும் விரைவாகச் சூட்டைக் கடத்தும். ஆரங்களுக்கு இடையே காற்றும் புகும். ஆதலின் மாஞ்சோலை மலைப்பாதையிலோ ஆரியங்காவுக் கணவாயிலோ நெடுநேரம் பிரேக்கைப் பிடித்து இறங்குபவர்க்கு அது ஓரளவு உதவும். எடை குறைவு என்பார்கள். அலுமினியத்தின் அடர்த்தி 2.7, எஃகினது 7.85 என்பது மெய். ஆனால் வலிமைக்காக அலாயைத் தடிப்பாக வார்க்க வேண்டியிருப்பதால், நாம் கடையில் வாங்கும் சக்கரத்தில் அந்நன்மை ஒன்றிரண்டு கிலோவாகச் சுருங்கிவிடும், சிலவற்றில் அதுவும் இராது. வார்க்காமல் அடித்துச் செய்யும் அலாய் ஒன்று உண்டு. அது இலேசும் உறுதியும் ஒருங்கே உடையது. அதன் விலையைக் கேட்டால் வாடகைக் கார்க்காரர் திரும்பிப் பாராமல் நடப்பார்.

இனி, அவ்விரவில் சக்கரம் கழலாமல் நின்ற காரணம். எஃகு அச்சுமுனையும் அலுமினியச் சக்கரமும் ஒன்றையொன்று தொட்டிருக்க, இடையே மழைநீர் புகுந்தால் அவ்விடம் ஒரு சிறு மின்கலம் போல் ஆகிறது. அலுமினியம் அரிபட்டு, வெண்பொடியாகப் பொரிந்து, இரு உலோகங்களையும் பசையிட்டாற்போல் ஒட்டிவிடும். எஃகோடு எஃகு சேரும் இடத்திலும் துரு பிடித்து இறுகுவது உண்டு; ஆயினும் அலாயில் இத்தொல்லை மிகுதி. மருந்து எளிது. மழைக்காலத்திற்கு முன் நான்கு சக்கரங்களையும் ஒருமுறை கழற்றி, அச்சுமுனையைக் கம்பித் தூரிகையால் தேய்த்து, நடுவளையத்தில் மட்டும் மெல்லிய கிரீஸ் தடவி மாட்டிவிட வேண்டும். நட்டின் மரையில் கிரீஸ் தடவலாகாது; தடவினால் இறுக்கத்தின் அளவு தவறிவிடும். மாட்டியபின் 80, 100 கிலோமீட்டர் ஓடிய நிலையில் நட்டுகளை மீண்டும் ஒருமுறை ஸ்பானரால் சரிபார்த்தல் நன்று. அவ்விரவில் இருந்த காரின் சக்கரத்தை வாங்கிய நாள்முதல் எவரும் கழற்றியதில்லை என்று பின்னர் அறிந்தோம்.

ஸ்டெப்னியைப் பற்றியும் ஒரு சொல். இச்சொல் நம் நாட்டுப் பட்டறைகளில் பிறந்ததன்று. வேல்ஸ் நாட்டு லனெல்லி நகரில், ஸ்டெப்னி என்னும் தெருவில் 1904இல் டேவிஸ் என்னும் உடன்பிறந்தார் மாற்றுச் சக்கரம் செய்து விற்கத் தொடங்கினர். தெருவின் பெயர் சக்கரத்தின் பெயராகி, இன்று நம் ஊர்ச் சிறுவர் நாவிலும் நடமாடுகிறது. அலாய் பூட்டிய வண்டிகள் பலவற்றில் ஸ்டெப்னி மட்டும் எஃகாகவே வரும். சிலவற்றில் அளவும் சிறிதாயிருக்கும். இரண்டிற்கும் நட்டு அமரும் குழியின் வடிவம் வேறுபடுமாயின், தனி நட்டுகளும் வண்டியில் இருக்க வேண்டும். 2020இல் நம் நாட்டு மோட்டார் வாகன விதிகள் திருத்தப்பட்டு, காற்றழுத்தம் காட்டும் கருவியும் பஞ்சர் ஒட்டும் கருவியும் உள்ள சில கார்கள் ஸ்டெப்னி இன்றியும் வரலாம் என்றாயிற்று. ஆணி குத்திய துளையை அக்கருவி அடைக்கும். பெயர்ந்த விளிம்பை அடைக்காது. ஆதலின் அலாய்ச் சக்கரமும் குட்டைச்சுவர் டயரும் உடைய வண்டியை, ஸ்டெப்னியும் இல்லாமல், கார்த்திகை இரவில் நம் பக்கம் ஓட்டுவது பெருந்துணிவு.

நீரில் வழுக்காமல் செல்வது உலோகத்தின் கையில் இல்லை, டயரின் கையில். வானூர்திச் சக்கரங்களை ஆராய்ந்த அமெரிக்க அறிஞர் 1963இல் கண்ட கணக்கின்படி, 32 பவுண்டுக் காற்றடைத்த தேய்ந்த டயர், தேங்கிய நீரின்மேல் மணிக்கு ஏறக்குறைய 94 கிலோமீட்டர் வேகத்தில் தரையை விட்டு மிதக்கும். காற்றுக் குறைந்தால் இன்னும் குறைந்த வேகத்திலேயே மிதக்கும். அகன்ற டயரினும் ஒடுங்கிய டயர் நீரைக் கிழித்துச் செல்லும். டயரின் வரிகளுக்கு இடையே உள்ள தேய்மான அடையாளம் 1.6 மில்லிமீட்டரில் தெரியும். மழைக்காலத்தில் அதுவரை காத்திராமல் 3 மில்லிமீட்டரிலேயே மாற்றிவிடுதல் எம் வழக்கம். அலாய்க்குக் கொடுக்கும் மிகுதிப் பணத்தில் இரண்டு நல்ல டயர்கள் வாங்கிவிடலாம் என்பதை அண்டைவீட்டாரிடம் அழுத்திச் சொன்னோம்.

இவையெல்லாம் கூறியபின் அவர் கேட்டார்: “அப்பம் யாருமே அலாய் வாங்கக் கூடாதா அண்ணாச்சி?” அப்படியன்று. நாற்கரச் சாலையில் மதுரைக்கும் நாகர்கோவிலுக்கும் பகலில் சென்று மீள்பவர் மகிழ்ச்சியோடு வாங்கலாம். அளவை மட்டும் பெரிதாக்காமல் இருப்பாராக. நள்ளிரவில் கதவைத் தட்டி “ஆஸ்பத்திரிக்குப் போகணும்” என்பவரை ஏற்றிக்கொண்டு, கடனாநதிப் பாலத்தையும் அதற்கப்பாலுள்ள சிற்றூர்ச் சாலைகளையும் மழையில் கடப்பவர்க்கு, உயர்ந்த சுவருள்ள டயர் பூட்டிய 14 அங்குல எஃகே தக்கது என்பது எம் முடிவு.

அவர் அதையே வாங்கினார். கறுப்புச் சக்கரத்தைக் கண்ட அவர் மக்கள் இருவரும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டமையால், பிளாஸ்டிக் வீல் கேப் நான்கு வாங்கி மாட்டினார். கார்த்திகை மழையில் ஒரு பள்ளத்தில் விளிம்பு மடங்கியது. கடையத்தில் தட்டி நிமிர்த்தி அன்று பிற்பகலே வண்டி ஓடிற்று. அந்தப் பள்ளத்தில் கழன்ற வீல் கேப் மட்டும் வாய்க்காலோடு போய்விட்டது. மீதியுள்ள மூன்றை என்ன செய்வது என்று பிள்ளைகள் இன்னும் வழக்காடிக்கொண்டிருக்கின்றனர்.